வீடுள்ளோர்க்கே காடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியக் காடுகளில் நல்ல மரபு ஒன்று உண்டு. அங்கே தங்குவதற்கு நுழைவாயில் இல்லை, கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. மண்சாலை ஒன்றின் வழியே உள்ளே சென்று, நீர்நிலையிலிருந்து 200 அடியேனும் தள்ளி, முன்னரே பிறர் தங்கிப் பழகிய வெற்றுத்தரை ஒன்றைக் கண்டு, கூடாரம் அடித்து எவரும் உறங்கலாம். மேசை கிடையாது, கழிப்பிடம் கிடையாது, குழாய்நீர் கிடையாது, குப்பைத் தொட்டியும் கிடையாது. கொண்டு சென்றதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். மனிதக் கழிவை 6 முதல் 8 அங்குல ஆழக் குழியில் புதைக்க வேண்டும். மூட்டிய கணப்பை நீரூற்றிக் கிளறி அவித்து, சாம்பலில் கைவைத்துப் பார்த்துச் சூடு முற்றும் ஆறியதென உறுதி செய்த பின்னரே அவ்விடம்விட்டு அகல வேண்டும். தங்கும் காலத்துக்கும் வரம்பு உண்டு. பெரும்பாலான காடுகளில் 14 நாள், சிலவற்றில் 16 நாள். 'டிஸ்பர்ஸ்ட் கேம்பிங்' என்று அந்நாட்டார் அழைக்கும் இதனைக் காட்டுத் தங்கல் என்று இக்கட்டுரையில் நாம் குறிப்போம்.

இக்காடுகள் 154. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 19 கோடியே 30 இலட்சம் ஏக்கர். புகழ்பெற்ற தேசியப் பூங்காக்களோடு இவற்றை ஒன்றாக எண்ணிக் குழம்பலாகாது. பூங்காக்கள் காட்சிக்கென ஒதுக்கப்பட்டவை. காடுகளோ பயன்பாட்டுக்கு உரியவை. 1905-இல் வேளாண் அமைச்சின் கீழ் வந்த இவற்றுக்கு முதல் தலைவராக இருந்த கிஃபோர்டு பின்ஷோ, காடு மக்களுக்குப் பயன்படவேண்டும் என்பதையே தம் நிர்வாகக் கொள்கையாகக் கொண்டார். 1960-இல் இயற்றப்பட்ட சட்டம் மரம், மேய்ச்சல், நீர், காட்டுயிர், திறந்தவெளிப் பொழுதுபோக்கு ஆகிய அனைத்துக்கும் அங்கு இடம் உண்டென உரைத்தது. மரம் அறுப்போனும் மாடு மேய்ப்போனும் மான் வேட்டைக்கு வருவோனும் விடுமுறையைக் கழிக்க வருவோனும் அந்நிலத்துக்கு உரியவர்களே. மன்னர்க்கும் பிரபுக்களுக்குமென மட்டும் காட்டைக் காத்துவைத்த நாடுகளின் வரலாற்றை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வர். ஆகவே இம்மரபை இகழ நாம் முற்படவில்லை. இதனைப் போற்றுகிறோம். போற்றுவதனாலேயே கேட்கிறோம்: எல்லாருக்கும் உரிய இக்காட்டில், வேறு போக்கிடம் அற்றவனுக்கு மட்டும் இடம் இல்லாது போனது எங்ஙனம்?

ஒரே பைன் மரத்தடியில் இரண்டு கூடாரங்கள் நிற்பதாகக் கொள்வோம். ஒன்றில் இருப்பவர் நகரத்தில் சொந்த வீடுடையவர். இரண்டு வார விடுப்பில் வந்திருக்கிறார். மற்றதில் இருப்பவர் வாடகை கொடுக்க இயலாமல் வெளியேற்றப்பட்டவர். இருவரும் அதே தரையில் உறங்குகிறார்கள். அதே ஓடையில் நீர் முகக்கிறார்கள். அதே அளவு விறகை எரிக்கிறார்கள். முதலாமவர் செய்வதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். இரண்டாமவர் செய்வதைக் குறிக்க வனத்துறையார் வழக்கிலும் ஆய்வாளர் எழுத்திலும் ஒரு சொல் உண்டு: 'பொழுதுபோக்கு அல்லாத முகாம்'. இச்சொல்லை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். அவர் என்ன செய்கிறார் என்பதை அது கூறவில்லை. அவர் எதற்காகச் செய்யவில்லை என்பதை மட்டுமே கூறுகிறது. இன்பத்துக்காக உறங்கினால் விருந்தினர்; உறக்கத்துக்காகவே உறங்கினால் அத்துமீறியவர்!

இது வெறும் சொல் விளையாட்டு என்று எவரேனும் எண்ணலாம். கூட்டாட்சி அரசின் வனவிதிகளைப் புரட்டிப் பார்ப்போர் அங்ஙனம் எண்ணார். உரிய அனுமதியின்றித் தேசியக் காட்டு நிலத்தில் 'வாழ்விடம்' ஒன்றைக் கட்டுவதும், பேணுவதும், அதில் குடியிருப்பதும் குற்றம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. நாள்வரம்பை மீறுவது தனிக் குற்றம். இத்தகைய குற்றங்களுக்கு ஆறு மாதம் வரை சிறையும் ஐயாயிரம் டாலர் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வாடகைக்கு வழியில்லாமல் காட்டுக்கு வந்தவனிடம் ஐயாயிரம் டாலர் கேட்கும் சட்டத்தின் நகைச்சுவை உணர்வை நாம் வியக்கத்தான் வேண்டும்.

'காட்டில் எவரும் குடியிருக்கலாகாது என்பது பொதுவிதி. அது எல்லாரையும் ஒன்றுபோலவே கட்டுப்படுத்துகிறது. இதில் ஓரவஞ்சனை எங்கே?' என்று வினவுவோர்க்கு நாம் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். அந்நாட்டார் பலரே அறியாத செய்தி அது. 1915-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்றிற்று. தேசியக் காடுகளுக்குள் தனியார் தங்கள் செலவில் கோடை இல்லங்கள் கட்டிக்கொள்ள நீண்டகால உரிமம் வழங்கும் சட்டம் அது. ஏரிக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் மனைகள் அளந்து கொடுக்கப்பட்டன. 1960-களில் புதிய மனைகள் வழங்குவது நின்றது. ஆனால் கட்டப்பட்டவை நின்றுவிடவில்லை. இன்றும் ஏறத்தாழ 14,000 இல்லங்கள் பொதுமக்களின் காட்டுக்குள் தனியார் உடைமையாக இருக்கின்றன. கட்டடம் அவர்களுடையது, நிலம் நாட்டு மக்களுடையது. பொதுவாக 20 ஆண்டுகளுக்கு உரிமம் அளிக்கப்படுகிறது, பின் புதுப்பிக்கப்படுகிறது. ஆண்டுக் கட்டணத்தை 2014-இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம் படிநிலைகளாக வகுத்தது. அன்று அது 650 டாலரிலிருந்து 5,650 டாலர் வரை அமைந்தது. ஏரிக்கரையில் ஓர் இல்லம் நிற்க, ஆண்டு முழுமைக்கும் இத்தொகை!

இவ்வுரிமத்தின் முதன்மையான நிபந்தனை என்னவென்று வாசகர்கள் கருதுகிறார்கள்? உரிமம் பெற்றவர் அவ்வில்லத்தைத் தம் நிலையான குடியிருப்பாகக் கொள்ளலாகாது. அவருக்கு வேறிடத்தில் வீடு இருக்கவேண்டும். சுருங்கச் சொன்னால், ஏற்கெனவே வீடுள்ளவருக்கே காட்டில் இரண்டாம் வீடு. ஆக, காட்டில் கூரையும் சுவரும் புகைபோக்கியும் எழுப்புவதைச் சட்டம் வெறுக்கிறது என்று சொல்வதற்கில்லை. நூறாண்டுக் காலம் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்கு வந்து தங்குவதையும் அது வெறுக்கவில்லை. தேவையின் பொருட்டுத் தங்குவதை மட்டுமே அது வெறுக்கிறது. இந்த இல்லங்களை இடிக்கவேண்டும் என்பது நம் வாதம் அன்று. அவற்றின் உரிமையாளர் எல்லாரும் செல்வர் என்றும் நாம் கூறவில்லை. பாட்டன் கட்டிய மரக்குடிலைப் பேணிவரும் எளிய குடும்பங்களும் அவர்களுள் உண்டு. ஆயினும் 'காடு குடியிருப்பதற்கு அன்று' என்ற நெறியை வீடற்றவனுக்குப் போதிக்கும் வாய், இந்தப் 14,000 புகைபோக்கிகளைக் கண்டு மௌனம் காப்பது நேர்மையாகாது.

வரலாற்றை இன்னும் சற்றுக் கிளறினால் அந்நெறி எவ்வளவு புதியது என்பது விளங்கும். 1906-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், காட்டு எல்லைக்குள் உழவுக்கேற்ற நிலம் கிடந்தால், அதில் குடியேறிப் பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் வரை உரிமையாக அளிக்க வழிசெய்தது. நிலமற்றவன் காட்டுக்குள் வந்து குடியேறுவது அக்காலத்தில் குற்றம் அன்று. நாட்டைக் கட்டும் நற்செயல்! அதே வேளையில், காட்டைத் தம் இல்லமாகவே கொண்டிருந்த பழங்குடியினர்க்கு நேர்ந்தது வேறு. ஓரிகன் மாநிலத்துக் கிளாமத் மக்கள் 1864-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தமக்கென எஞ்சிய நிலத்தில் வாழ்ந்துவந்தனர். பைன் மரங்கள் செறிந்த வளமான நிலம் அது. 1954-இல் பேரவை ஒரு சட்டத்தால் அவர்களைப் பழங்குடியாக அரசு ஏற்றிருந்த நிலையையே முடிவுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் நிலத்தின் பெரும்பகுதி 1961-இல் வைனீமா தேசியக் காடு ஆயிற்று. 1986-இல் அரசின் ஏற்பு மீண்டும் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. இன்று அந்நிலத்திற்கு விடுமுறையில் வருவோர் 14 நாள் தங்கலாம். ஒரு மக்களின் வீடாயிருந்த காட்டை வீடாகக் கொள்ளலாகாத காடாக மாற்றியது இயற்கையா? ஒரு சட்டம் அதைச் செய்தது. அச்சட்டத்துக்குத் தேதியும் உண்டு.

இனி அண்மைக்கால நிகழ்வுகளுக்கு வருவோம். அதே ஓரிகன் மாநிலத்தின் தென்பகுதியில் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் நகரம் உள்ளது. மக்கள்தொகை ஏறக்குறைய 38,000. பொதுவிடத்தில், தற்காலிக வாழ்விடமாகக் கொள்ளும் நோக்குடன் படுக்கை விரிப்பதை அந்நகரம் தடைசெய்தது. அபராதம் 295 டாலர். செலுத்தத் தவறினால் 537 டாலருக்கு மேல். மீண்டும் மீண்டும் மீறினால் இறுதியில் சிறை. 2013-இல் நடந்த கூட்டமொன்றில் நகரமன்றத் தலைவர் தம் எண்ணத்தை ஒளிக்காமல் எடுத்துரைத்தார்: இவர்களுக்கு நம் ஊரில் இருப்பதே சங்கடம் என்னும்படி செய்துவிட்டால், தாமே சாலையைப் பிடித்து வேறிடம் போய்விடுவர் என்பதே அதன் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளுள் அறுவர், இத்தண்டனை கொடுமையானது அன்று, எனவே அரசியல் சட்டத்துக்கு முரணானதும் அன்று எனத் தீர்ப்பளித்தனர். நீதிபதி சோட்டோமயோரும் அவரோடு இருவரும் மாறுபட்டனர்; உறக்கம் உயிரியல் தேவை என்றும், போக்கிடம் அற்றவரை உறங்கியதற்காகத் தண்டிப்பது அவர்தம் நிலைமையையே தண்டிப்பதாகும் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கார்சச் கூறிய ஒரு கருத்து நம் பொருளுக்கு நேர்த்தொடர்புடையது. குற்றம் சாட்டப்பட்டவர் வீடற்றவராயினும் சரி, முதுகுப்பையோடு அவ்வூர் வழியே செல்லும் விடுமுறைப் பயணியாயினும் சரி, எதிர்ப்பைக் காட்ட அரசுக் கட்டடத்தின் முன் தங்கும் மாணவராயினும் சரி, சட்டம் வேற்றுமை பாராட்டவில்லை என்பது அக்கருத்து. கேட்பதற்கு நடுநிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதுகுப்பைப் பயணிக்கு நகரப் பூங்காவில் தடை என்றால், அடுத்த மலைச்சரிவில் தேசியக் காடு திறந்திருக்கிறது. அவர் அங்கே உரிமையோடு தங்குவார். 14 நாள் கழித்து வீடு திரும்புவார். மாணவருக்கும் விடுதி அறை உண்டு. மூவரையும் ஒரே வரியில் எழுதிவிட்டதால் மூவரும் ஒரே நிலையில் நிற்பதாக ஆகிவிடாது.

நகரமன்றத் தலைவர் சுட்டிய அந்தச் சாலை எங்கே போய் முடியும்? மேற்கு மாநிலங்களின் வரைபடத்தைப் பார்ப்போர் உடனே கண்டுகொள்வர். ஊர் முடியும் இடத்திலேயே பல ஊர்களில் காடு தொடங்குகிறது. நகரம் துரத்தினால் காட்டைத் தவிர வேறு வழியில்லை. 2024 ஜனவரியில் ஒரே இரவில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கின்படி வீடற்றோர் தொகை 7,71,480. முந்திய ஆண்டைவிட ஒரு இலட்சத்துக்கும் மேல் மிகுதி. பனி மூடிய காட்டுச்சாலைகளின் உட்புறத்தில் வண்டிக்குள் ஒடுங்கிக் கிடந்தோர் அனைவரும் அக்கணக்கில் விடுபடாமல் சேர்ந்துவிட்டனர் என்று எவரும் துணிந்து கூறமாட்டார்.

மத்திய ஓரிகனில் பெண்ட் என்றொரு நகரம். பனிச்சறுக்கும் மலையேற்றமும் மீன்பிடிப்பும் நாடி வருவோரால் விரைந்து வளர்ந்த ஊர். அதன் தெற்கே டெஷூட்ஸ் தேசியக் காட்டுக்குள் சைனா ஹாட் சாலை செல்கிறது. அச்சாலையோரத்துப் பைன் மரங்களுக்கிடையே பல ஆண்டுகளாக மக்கள் இழுவை வண்டிகளிலும் பழைய வாகனங்களிலும் கூடாரங்களிலும் வாழ்ந்துவந்தனர். முதியோர், நோயாளர், வேலைக்குப் போய்க்கொண்டே வீடில்லாமல் இருந்தோர் எனப் பலதிறத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் என்பது அங்கு உதவிப்பணி செய்தோரின் கணிப்பு. 2025-ஆம் ஆண்டு மே முதல் நாள் வனத்துறை அப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கரை அடைத்தது. தடுத்து நிறுத்துமாறு தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. உழைப்பாளர் நாளாக உலகின் பல நாடுகள் கொண்டாடும் நாளில் உழைத்து ஓய்ந்தவர் பலர் தம் வண்டிகளை இழுத்துக்கொண்டு வெளியேறினர்; ஓடாத வண்டியை இழுத்துச்செல்லக் கையில் பணமில்லாதவர் திகைத்து நின்றனர்.

வனத்துறை கூறிய காரணம் பொய்யன்று. அதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். அடர்ந்துவிட்ட மரங்களைக் களைந்து, புதரை வெட்டி, திட்டமிட்டுத் தீயிட்டு எரித்து, பெருந்தீயின் அபாயத்தைக் குறைக்கும் பணி அங்கு நடைபெற வேண்டியிருந்தது. எந்திரம் மரம் வீழ்த்தும் இடத்தில் மனிதர் குடியிருக்க இயலாது. அந்த அபாயமும் தானே வந்ததன்று என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். கண்ட தீ எதுவாயினும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்கப்பட வேண்டும் என்று 1935-இல் அதே வனத்துறை விதித்துக்கொண்டு, சிறு தீக்களால் இயல்பாகத் தூய்மையடைந்துவந்த காடுகளைப் பல பத்தாண்டுகள் விறகுக் கிடங்குகளாக அடர விட்டது. அதற்கான கடனை இன்று அடைக்கவேண்டும் என்பது மெய்யே. ஆனால் அத்திட்டம் ஒரே இரவில் முளைத்ததன்று; பல ஆண்டுகள் தாளில் இருந்தது. மரங்களை எப்போது, எவ்வரிசையில், எந்த எந்திரம் கொண்டு வெட்டுவது என்பதையெல்லாம் வகுக்கக் காலம் இருந்தது. மனிதர் எங்கே போவர் என்ற ஒன்றுக்கு மட்டும் விடை வகுக்கப்படவில்லை. வெளியேறியோருள் பலருக்கு அடுத்த போக்கிடம் இன்னொரு பொதுநிலமே. அங்கும் ஒரு நாள் அடைப்பாணை வரும்.

எதிர்வாதங்களுள் வலிமை மிக்கது தீயைப் பற்றியது. அதனை நாம் தட்டிக்கழிக்க மாட்டோம். 2016 ஜூலையில் கொலராடோ மாநிலத்து நெடர்லாந்து என்னும் சிற்றூரின் அருகே, வெளிமாநிலத்திலிருந்து வந்து விதிமீறித் தங்கியிருந்த இருவர் கணப்பைச் சரிவர அவிக்காமல் போயினர். எட்டு வீடுகள் எரிந்தன. 500 ஏக்கருக்கும் மேல் கருகியது. வீடிழந்தவர்களின் சினம் நியாயமானதே. ஆனால் இதையும் கேளுங்கள். 2011 மே மாத இறுதியில் அரிசோனா மாநிலத்தின் அப்பாச்சி-சிட்கிரீவ்ஸ் தேசியக் காட்டில் விடுமுறையைக் கழிக்க வந்த உறவினர் இருவர், கணப்பு அணைந்துவிட்டதென எண்ணி நடைப்பயணம் சென்றுவிட்டனர். அதிலிருந்து எழுந்த வாலோ தீ 5,38,000 ஏக்கரை விழுங்கிற்று. அம்மாநிலம் கண்ட தீக்களுள் மிகப் பெரியது அதுவே. அதன்பின் 'விடுமுறைக்கு வருவோரைக் காட்டுக்குள் விடலாகாது' என்று முழங்கியவர் உண்டா? இல்லை, முழங்கியிருந்தாலும் அது அறிவீனமாகவே இருந்திருக்கும். இருவர் செய்த தவறு இருவருடையதாகவே கருதப்பட்டது. வீடற்ற ஒருவர் தவறு செய்தால் மட்டும் அது வீடற்றோர் அனைவரின் இயல்பாகிவிடுகிறது. தீப்பொறிக்குத் தன்னை மூட்டியவரின் முகவரி தெரியாது.

அடுத்தது குப்பை, மலம், ஊசிகள், கைவிடப்பட்ட வண்டிகள். இவையும் உண்மையே. நெடுநாள் தங்கிய இடங்களிலிருந்து வண்டிவண்டியாகக் கழிவு அகற்றப்படுகிறது. அதை அகற்றுவோர் பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அவர்களின் களைப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் விடுமுறையினர் தூயோர் என்பதும் கட்டுக்கதை. 2020-இல் தொற்றுக்கால அடைப்பில் சலிப்புற்ற மக்கள் காடுகளை நோக்கித் திரண்டபோது தேசியக் காடுகளுக்கு வந்தோர் வருகை 16 கோடியே 80 இலட்சத்தை எட்டியது. முந்திய ஆண்டைவிட 1 கோடியே 80 இலட்சம் மிகுதி. அவ்வாண்டுக் காட்டுச்சாலைகளின் ஓரம் கிடந்த கழிப்பறைக் காகிதத்தைப் பற்றி வனத்துறையார் சலித்துக்கொண்டது நாடறியும். அப்போது என்ன செய்தார்கள்? அறிவிப்புப் பலகை வைத்தார்கள். சில இடங்களில் கழிப்பிடம் வைத்தார்கள். சில இடங்களைக் குறித்துக்கொடுத்து ஒழுங்குபடுத்தினார்கள். அதாவது, வந்தவர்களை மாசு என்று கருதாமல், மாசை மாசு என்று கருதினார்கள். அந்த அறிவை இவர்களிடமும் காட்டக்கூடாதா?

நாள்வரம்பே வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் பொருள்கொள்ள வேண்டா. அவ்வரம்பின் அடிப்படையில் மெய்யான அறிவியல் இருக்கிறது. எமிலியோ மைனெக்கே என்னும் தாவர நோய் ஆய்வாளர், மக்கள் மிகுதியாகத் தங்கும் இடங்களில் மரங்கள் ஏன் வாடுகின்றன என்று ஆராய்ந்தார். காலடியும் சக்கரமும் மண்ணை இறுக்குகின்றன. இறுகிய மண்ணில் வேர் மூச்சுவிட இயலாது என்பதைக் கண்டு, 1932-இல் முகாம்திடல்களை அமைப்பதற்கான நெறிமுறையை எழுதினார். வளைந்து செல்லும் ஒருவழிப் பாதை, வண்டி நிறுத்தக் குறித்த இடம், அசையாத அடுப்பு, மேசை என இன்று அந்நாட்டு முகாம்திடல்களில் காணும் ஒழுங்கு பெரும்பாலும் அவரிடமிருந்து வந்தது. மனிதரைத் துரத்தி மரத்தைக் காக்க அவர் முற்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர் வருவர் என்பதை ஏற்றுக்கொண்டு, அவர்கள் கால் படும் இடத்தை வகுத்துக் கொடுத்தார். நெடுநாள் தங்குவோர் சிதறிக் கிடந்தால் காட்டுக்குக் கேடு என்பது மெய்யானால், அதற்கு விடை குறித்த இடமும் கழிப்பிடமும் குடிநீருமே என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அத்துறையின் நூலகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

'வனத்துறை வீட்டு வசதித் துறை அன்று; அதற்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை' என்பர். இக்கூற்றின் முதற்பகுதியை ஏற்கிறோம். துப்பாக்கியும் அபராதச் சீட்டும் மட்டும் கொடுத்து ஒரு வனக்காவலரை மனநோயாளியிடமும் மூதாட்டியிடமும் அனுப்புவது அக்காவலருக்கே இழைக்கும் அநீதி. இரண்டாம் பகுதியைத்தான் ஏற்க இயலவில்லை. பெருந்தீ மூளும்போது இதே வனத்துறை செய்வதை உலகம் பார்க்கிறது. ஓரிரு நாளில் ஒரு புல்வெளியில் ஆயிரம் பேருக்கான முகாம் எழுகிறது. சமையற்கூடம், குளியல் வண்டிகள், கழிப்பறைகள், குடிநீர், மருத்துவ உதவி, மின்விளக்கு அனைத்தும் வந்து சேர்கின்றன. தீயணைப்போர் அதற்குத் தகுதியானவர்களே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் காட்டுக்குள் ஆயிரம் பேர் வாரக்கணக்கில் தூய்மையாகத் தங்க ஏற்பாடு செய்யும் திறன் இல்லை என்று மட்டும் இனிச் சொல்ல வேண்டா.

இன்னொரு கூட்டத்தாரிடமும் நாம் மாறுபடுகிறோம். வண்டியில் வாழ்வதையும் காட்டில் உறங்குவதையும் விடுதலை என்று பாடும் கூட்டம் அது. 'நோமேட்லேண்ட்' என்னும் திரைப்படம் 2021-இல் ஆஸ்கர் விருது பெற்றபின் அப்பாட்டு உரக்கக் கேட்டது. அப்படத்துக்கு மூலமான, 2017-இல் வெளிவந்த ஜெசிக்கா புரூடரின் நூல் பேசியது முதுமையில் வீட்டை இழந்து, பருவகாலக் கூலிவேலை தேடி அலைந்த மக்களைப் பற்றியே. 3,600 அடி உயரத்தில் பனிக்காலத்தில் தகர வண்டிக்குள் நடுங்குவதில் விடுதலை ஏதுமில்லை. காடு ஒருவருக்கு வீடாகப் போதும் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது வீடு. அது கிடைக்கும்வரை அவரைக் காட்டிலிருந்தும் துரத்தலாகாது என்பதே நம் வாதம்.

ஆகவே சிலவற்றை வெளிப்படையாகக் கேட்கிறோம். தீயைப் பற்றியும் நீரைப் பற்றியும் கழிவைப் பற்றியும் எத்தனை விதி வேண்டுமானாலும் இருக்கட்டும். அவை செயலைத் தண்டிக்கட்டும். 'பொழுதுபோக்கு அல்லாத' என்று நோக்கத்தைத் துருவும் பிரிவு ஒழியட்டும். ஒரு காட்டுப்பகுதியை அடைக்கும் ஆணையில், எந்தச் சாலை, எந்த எல்லை, எந்தத் தேதி என்று வரைபடத்தோடு குறிக்கிறார்கள் அல்லவா? அங்கு வாழ்வோர் அன்றிரவே போய்த் தங்கக்கூடிய இடமும் அதே ஆணையில், அதே வரைபடத்தில் குறிக்கப்பட்டாலன்றி அது செல்லாது என விதி செய்யட்டும். ஓடாத வண்டியை இழுத்துச் செல்லும் செலவு, அடைப்புத் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே சேரட்டும். மரத்தை இழுக்க எந்திரம் அனுப்பும் துறைக்கு இது பெருஞ்சுமை அன்று.

இறுதியாக அந்தக் கோடை இல்லங்கள். காட்டுத்தீயில் எரிந்து மீண்டும் கட்டப்படாதவையும், உரிமம் முடிந்து கைவிடப்பட்டவையுமான மனைகள் பல காடுகளில் உண்டு. பாதை இருக்கிறது, தரை சமன்செய்யப்பட்டிருக்கிறது, பலவற்றில் கிணறும் இருக்கிறது. அம்மனைகளுள் சிலவற்றையேனும், ஊருக்குள் வீடு கிடைக்கும்வரை வீடற்றோர் முறையாகத் தங்கும் இடங்களாக, அதே 1915-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியிலோ வேறு சட்டம் செய்தோ ஒதுக்கட்டும். மறுப்பதாயின் வனத்துறை தன் காரணத்தை எழுத்தில் தரட்டும். 'அவருக்கு வேறு வீடு இல்லை' என்பதைத் தவிர வேறு காரணம் அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க நாம் காத்திருக்கிறோம்.